அவள் தின்னாத கறித்துண்டு

என் மகளின் வயிற்றிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்துக் காட்டினார்கள். அதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில், எச்சில் நுரையோடு, சுண்டுவிரல் நகத்தளவு கிடந்தது. முட்டைகூட வீட்டுக்குள் சேர்க்காத குடும்பம் எங்களுடையது.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போய்வருகிறாள். எனக்குத்தான் இன்னும் நடுக்கம் போகவில்லை. மனசு கொஞ்சம் அடங்கியிருக்கும் இந்த நாட்களிலேயே எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை இளைத்துப்போகிறது, தண்ணீராகக் குடிக்கிறது என்று கவலைப்படும் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்கள் எங்கள் வழியில் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

எனக்கு ஊர் திருத்தணி. பக்கத்துச் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. வண்டி வண்டியாக வந்து இறங்கும் கரும்பின் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளந்து எழுதுவது என் தொழில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் உறவுக்கூட்டமே இதைச் சொல்லித்தான் சிரித்தது.

மகள் கவிதா அப்போது ஆறாம் வகுப்பு. பங்குனி வெயில் ஏறிய சமயத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். வெயிலுக்குத் தண்ணீர் நல்லதுதானே என்று இருந்தோம். ஓயாமல் ஒன்றுக்குப் போனாள். குடித்த தண்ணீர் வெளியே போகத்தானே வேண்டும் என்றோம். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. "வயசுக்கு வரப் போற பொண்ணு, அப்பிடித்தான் வத்தும், அப்புறம் பூரிக்கும்" என்றாள் என் மனைவி கலா. தட்டில் போட்டதையெல்லாம் தின்றுவிட்டு மறுபடியும் பசிக்கிறது என்றாள். பசித்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு நோய் ஏது? ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு பதில் இருந்தது. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பதில்கள்.

குளியலறை மூலையில் கட்டெறும்பு வரிசை கட்டியது. நான் எறும்புப் பொடி வாங்கிவந்து தூவினேன். ஆலையில் எறும்பு எங்கே கூடினாலும் அங்கே சாறு சிந்தியிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவன் நான். வீட்டில் அந்த அறிவு வேலை செய்யவில்லை.

அந்த நேரத்தில்தான் பாவா வந்தார். பாவா என்றால் என் அக்காவின் புருஷர். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். அவர் சொன்னால் நான் மறு பேச்சு பேசியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கவிதாவைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, கொழந்த கயித்துல போட்ட துணியாட்டம் கீறா? இவளுக்குத் தொக்கம் வுழுந்துகீதுடா."

தொக்கம் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டது ஏதோ ஒன்று செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு சாப்பிடுவது எதையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்பது நம்பிக்கை. அதை உறிஞ்சி எடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப்புறம் ஆந்திராவில் ஒரு ஊரில் ஒரு அம்மாள் எடுப்பதாகவும், கைராசிக்காரி என்றும் பாவா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பாவாவும் கவிதாவும் பஸ் ஏறிப் போனோம். கூரை போட்ட வீடு. வெளியே எங்களைப் போலப் பிள்ளைகளோடு பலர் காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மாள் கவிதாவைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ஒரு சின்னக் குழாயின் ஒரு முனையைத் தொப்புளுக்கு மேல் வைத்து, மறுமுனையை வாயில் கவ்விக் கன்னம் குழிய உறிஞ்சினாள். பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் துப்பினாள். விரலால் கிளறி எடுத்துக் காட்டினாள்.

"இதோ பாரு நைனா. கறி. நாலஞ்சி மாசமா உள்ள குந்திகினு கீது. இனிமே ஒடம்பு தேறும், போ."

பாவா குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கவிதா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "நைனா, நான் கறியே துன்னதில்ல."

கண்ணால் கண்டதும் பொய் என்று நமக்குப் பழமொழி இருக்கிறது. எனக்கும் தெரியும். கிண்ணத்தைப் பார்த்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. தோலும் சதையும் தாண்டி ஒரு துண்டு குழாய்க்குள் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றே ஒன்று: இவள் எங்கே தின்றாள்?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பின்தெருவில் சாந்தி என்று கவிதாவுக்கு ஒரு தோழி. அவர்கள் வீட்டில் ஞாயிறுதோறும் மீனும் கறியும் உண்டு.

"சாந்தி வூட்ல துன்னியாடி?"

"இல்லம்மா. தண்ணிதான் வாங்கிக் குடிச்சேன்."

"துன்னதை மறைக்கத்தான் தண்ணி தண்ணியா குடிச்சிகினு கெடக்குறியா?"

சாந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று நான் சொன்னேன். பாவாவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா ஒரு பரிகாரம் சொன்னாள். கிருத்திகையன்று முருகன் கோயில் மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, தின்றதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டே கவிதா ஏறவேண்டும். எங்கள் ஊரில் வேண்டிக்கொண்டு படிக்குப் பூசை வைப்பது வழக்கம்தான். ஆனால் செய்யாத ஒன்றுக்காக ஒரு குழந்தை அப்படி ஏறியதை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

கிருத்திகை காலையில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "எடுக்கட்டும், மிச்சம் மீதி இருந்தாலும் வெளிய வரட்டும்" என்றாள் அக்கா. வாயைத் துடைத்துவிட்ட கலா, "இன்னாடி வாயில பழவாசன அடிக்குது? வாழப்பழம் துன்னியா?" என்று கேட்டாள். கவிதா இல்லை என்று தலையாட்டினாள். அதையும் நாங்கள் நம்பவில்லை.

பாதி மலை வரைக்கும் ஏறினாள். மஞ்சள் கிண்ணம் கையில், குனிவதும் நிமிர்வதுமாக. ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்கியது. உட்கார்ந்த பிறகும் அது குறையவில்லை. ஆழமாக, வேகமாக, நெஞ்சுக்கூடு முழுக்க எழுந்து எழுந்து அடங்கியது.

"நைனா, முருகன் மேல சத்தியமா துன்னல."

"சரி சரி, ஏறு."

அவள் எழுந்தாள். அப்படியே சாய்ந்தாள்.

தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். அடிவாரத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒரு சின்ன கிளினிக்கில் படுக்கவைத்தேன். "ரொம்ப வீக்கா இருக்கா சார், குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டேன். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும், இதுவும் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்தவரும் வேறொன்றும் கேட்காமல் ஏற்றினார். பாட்டில் பாதி இறங்குவதற்குள், கூப்பிட்டாலும் அவள் கண் திறக்கவில்லை. பயந்துபோன அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் பணியிலிருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே குனிந்து கவிதாவின் வாயருகே மோந்து பார்த்தார்.

"எத்தனை நாளா தண்ணி நிறைய குடிக்கிறா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்குங்க."

"யூரின் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"இல்லீங்க. தொக்கம் எடுத்தோம்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டு உடனே சிறுநீர் எடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆய்வக உதவியாளர் ஒரு சோதனைக் குழாயில் நீலநிறத் திரவத்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும், மிக அதிகமானால் செங்கல் நிறம். எங்கள் ஆலையிலும் இதற்குத் தம்பி முறையில் ஒரு நீலத் திரவம் உண்டு. தினமும் என் கையால் காய்ச்சுவது. அதனால் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குழாய்க்குள் செங்கல் நிறம் குபுகுபுவென்று எழும்பியதை நானே பார்த்தேன். 

"குளுக்கோஸ் யார் ஏத்தச் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர், கைவேலையை நிறுத்தாமல்.

அவர் அன்று அவசரமாகச் சொன்னதும், பின்னால் சென்னை டாக்டர்கள் பொறுமையாகச் சொன்னதும் சேர்த்து எனக்குப் புரிந்தது இது. வயிற்றுக்குள் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற சாற்றைச் சுரக்கிறது. சாப்பாட்டில் வரும் சர்க்கரை ரத்தத்திலிருந்து உடம்புக்குள் நுழைய அந்த இன்சுலின்தான் கதவு திறந்துவிடவேண்டும். சில குழந்தைகளுக்குக் கணையம் அந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. கதவு திறக்காததால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரில் வெளியேறுகிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம். உடம்போ பட்டினி கிடந்து, தன் கொழுப்பையே எரிக்கிறது. எரியும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேருகிறது. அதுதான் வாந்தி, அதுதான் அந்த மூச்சு, அதுதான் வாயில் பழவாசனை. தாமதித்தால் உயிர் போகும்.

ஆஸ்பத்திரி வண்டியிலேயே சென்னைக்கு, குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கலா கவிதாவின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பாதத்தில் மலைப்படியின் மஞ்சள் அப்படியே இருந்தது.

வார்டில் முதல் சில நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஒரு கையில் உப்புநீர், அதோடு சேர்த்து இன்சுலின். விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரைக் காய்ச்சுவார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் கையில் வரும் குழாயின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்ப்பேன். செங்கல் நிறம் ஆரஞ்சானபோது கலாவின் கையைப் பிடித்தேன். கவிதா கண் திறந்து, "தண்ணி" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு நாங்கள் நடுங்கினோம்.

கலாவின் தம்பி தினமும் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வருவான். வந்து எங்களைச் சாப்பிடவைத்து, காலிக் கேரியரோடு அடுத்த ரயிலில் திரும்புவான். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்காத ஒரே ஆள் அவன்தான். மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் வீட்டுக்குப் போனபிறகு ஆயுள் முழுவதும் ஊசி வாங்கவேண்டும் என்று தெரிந்த அன்று, கலா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கட்டிலில் இதே நோயோடு ஒரு சின்னப் பெண். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவள். ஒருநாள் டாக்டர் சுற்றி வந்தபோது நான் கேட்டேன், "ஆலைச் சக்கரை வீட்ல நிறைய இருக்கும் சார். அதை அள்ளி அள்ளித் தின்னதாலதான் வந்துச்சா?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அந்தச் சித்தாள் அம்மா குறுக்கே வந்தாள். "எங்க வூட்ல சக்கரயே ரேசன்ல போட்டாத்தான்ங்க. அதுவும் டீக்குப் பத்தாது. எம்பொண்ணுக்கு எங்கேந்து வந்துச்சாம்?"

டாக்டர் சிரித்தார். "அவங்க சொல்றதுதான் பதில். இனிப்பு தின்னதால இது வரலை. நீங்க யாரும் எதுவும் செஞ்சதால வரலை."

ஒரு மாசமாக நான் நம்பியவை ஒவ்வொன்றாக என் முன்னால் விழுந்தன. சர்க்கரை நோய் வயசானவர்களுக்குத்தான் வரும். இனிப்பு தின்றால் வரும். பசித்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை. குளுக்கோஸ் தெம்பு தரும். இவற்றை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தால் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. யாரும் சொல்லவில்லை, எல்லோரும் சொன்னார்கள். யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

ஒரு முகம் மட்டும் இருந்தது. பாவா ஒருநாள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். கவிதா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வராந்தாவுக்குப் போகலாம் என்றேன். "கால் நோவுதுடா" என்று கட்டிலருகிலேயே முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாவா, டாக்டர்கிட்ட கேட்டேன். வயித்துல இருக்கிறது எதுவும் தோல் வழியா வராதாம். அப்ப அந்தக் கறி எங்கேந்து வந்துது?"

"அது எங்கேந்துடா வரும்? அந்தப் பொம்பள வாயில ஒதுக்கி வெச்சிருப்பா."

எனக்கு முதலில் புரியவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எத்தினியோ வருசமா தெரியும். எம்புள்ளைக்கு எடுத்தப்பவே பாத்தேன். கன்னத்துல அடக்கிகினு இருந்தா."

"தெரிஞ்சுமா எங்களைக் கூட்டிகினு போனீங்க?"

"டேய், துப்புறது பொய்யிடா. ஆனா சீக்கு போறது நெசம். எம்புள்ளைக்குப் போச்சே! ஏதோ ஒண்ணு கண்ல காட்னாத்தான் பெத்தவங்களுக்கு மனசு தேறும். மனசு தேறினா ஒடம்பு தேறும். ஊர்ல பாதிப் பேருக்கு இது தெரியும்."

"கறி துன்னான்னு கொழந்தையை அத்தனை பேர் சேர்ந்து கேட்டோமே. நீங்களும் நின்னுகினு இருந்தீங்களே."

பாவா ஆரஞ்சுப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொம்பள சைவக்காரங்களுக்குத் தேங்காதான் எடுப்பா. அன்னிக்கு மாத்தி வெச்சிகினு வந்துட்டா. நான் இன்னா பண்ணட்டும்? அங்க சொன்னா அவ பொழப்பு போயிடும். இங்க சொன்னா நீ என்ன நம்ப மாட்ட."

என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். அந்த மௌனத்தில் என் மகள் குற்றவாளி ஆனாள், மலைப்படி ஏறினாள். "கிளம்புங்க பாவா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன். நான் அவரை ஒருமுறைகூட வெளியே போகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

அவர் போனபிறகு திரும்பிப் பார்த்தால் கவிதா கண் விழித்திருந்தாள்.

"மாமாவுக்கு மொதல்லயே தெரியுமா நைனா?"

"ஆங்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நைனா தப்புப் பண்ணிட்டேன், இனிமே நீ சொல்றதை நம்புவேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "சரி நைனா" என்றாள். அந்தச் "சரி"யோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். காலையிலும் மாலையிலும் ஊசி. பயம் தெளிந்ததும் கவிதா தானே தொடையில் போட்டுக்கொண்டாள். சமையலறை ஜன்னலோரம் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் நீலத் திரவமும் வைத்தேன். காய்ச்சி நிறம் பார்ப்பதை அவளே செய்தாள். "நீலம் நைனா", "லேசா பச்ச நைனா" என்று குரல் வரும். கன்னம் கொஞ்சம் நிரம்பியது. சாந்தி வீட்டுக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். அவள் போகவில்லை.

இன்சுலினைக் குளிரில் வைக்கவேண்டும், எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. எதிர்வீட்டு சரோஜாம்மா, "எங்க வூட்ல வெய்யுங்க, பாப்பா மருந்துக்கு நான் காவல்" என்றார்கள். காலையும் மாலையும் கவிதா போய் வாங்கிவந்து, மருந்தை எடுத்துக்கொண்டு புட்டியைத் திரும்பக் கொடுப்பாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்கக் காவடி, எங்கள் வீடு முழுக்க உறவுக்காரர்கள், பஞ்சாமிர்த டப்பாக்கள். கூட்டம் வரத் தொடங்கிய மறுநாள் குழாயில் ஆரஞ்சு. அதற்கு மறுநாள் செங்கல். கவிதா சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பானைக்கும் கொல்லைக்கும் நடக்க ஆரம்பித்தாள்.

அக்கா வந்திருந்தாள். "எதிர்க்கப் பஞ்சாமிர்தத்த வெச்சிகினு கொழந்த நாக்கு சும்மா இருக்குமா? பெரியவ எனக்கே அடங்கல."

"நான் துன்னல அத்த."

"சக்கர மில்லுகாரன் பொண்ணு, சக்கரய வுடுவாளா?" என்று கூடத்திலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் அந்த மூச்சு, மறுபடியும் அந்த வாசனை வந்துவிடுமோ என்ற பயம் ஒன்றுதான். கலா டப்பாக்களை எண்ணி மேலே ஏற்றினாள். நான் கவிதாவின் புத்தகப்பையைத் திறந்தேன். தலையணைக்கு அடியில் கை விட்டேன். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடு நைனா. பீரோ மேலயும் பாரு."

ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நான் நம்பினேனா? இல்லை. வெளியில் எங்கோ தின்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆலையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. வரிசையாக எல்லா வண்டிச் சாறும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் நாங்கள் கரும்பைக் குறை சொல்வதில்லை. முதலில் சோதனைக்கு ஊற்றும் எங்கள் மருந்தைச் சோதிப்போம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். சரோஜாம்மா வீட்டில் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பால்போலக் கலங்கி இருக்கவேண்டிய மருந்து திரிந்துபோய், கண்ணாடியில் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது.

"இதை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"மேல ஐஸ் ரூம்லதான்ங்க. ஆடிக் கிருத்திகைக்கு வந்தவங்க பூவு, பாலு, காய்கறின்னு கீழ ரொப்பிட்டாங்க. பாப்பா மருந்தாச்சே, நல்லா சில்லுனு இருக்கட்டும்னு மேல ஏத்தினேன். அவ வர்றதுக்கு முன்னாடி எடுத்து எளக வெச்சிக் குடுப்பேன்."

அரசு ஆஸ்பத்திரிக்குக் கவிதாவையும் புட்டியையும் கொண்டுபோனேன். அதே டாக்டர். புட்டியைப் பார்த்ததுமே சொன்னார். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும், ஆனால் உறைந்தால் அது செத்தது. அதற்குப் பிறகு போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்று. கீட்டோன் பார்த்தார். லேசாகத் தொடங்கியிருந்தது. அங்கேயே உட்காரவைத்து, புது மருந்து போட்டு, சாயந்திரம்வரை கண்காணித்து அனுப்பினார். இன்னும் ஓரிரு நாள் நான் பையையும் பீரோவையும் தேடிக்கொண்டிருந்தால் மறுபடி சென்னைதான் என்றார்.

சரோஜாம்மாவிடம் சொன்னபோது அவர்கள் அழுதுவிட்டார்கள். கோபப்படக்கூட எனக்கு இடமில்லை. குளிர் நல்லது என்றால் அதிகக் குளிர் அதிக நல்லதுதானே, யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வார்கள்? நானே சொல்லியிருப்பேன்.

நிறம் செங்கலிலிருந்து இறங்கி, மூன்றாம் நாள் பச்சையில் நின்றது. வீட்டில் எல்லோர் முன்னாலும் குழாயைத் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்குங்க. எம்பொண்ணு ஒண்ணும் துன்னல. மருந்துதான் கெட்டுப்போச்சு."  எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

அன்று சாயந்திரம் கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நேராக என் முன்னால் வந்து, புத்தகப்பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினாள். நோட்டுகள், பென்சில் டப்பா, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். பாவாடைப் பையையும் வெளியே இழுத்துவிட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்? நீ துன்னலன்னுதான் தெரிஞ்சிபோச்சே. இனிமே இதெல்லாம் வேணாம்."

"இன்னிக்குப் பச்ச வந்துது, வேணான்ற" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "நாளைக்கு செவப்பு வந்தா?"

  அவள் குனிந்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.